கோசுமெலில் டால்பினோடு நீச்சல்: பத்து வயதுப் பெண்ணுக்குப் பதிவு செய்யலாமா?

தேன்மிட்டாய் | 4 பிப்ரவரி 2025, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில் பள்ளி விடுமுறை வாரத்தில் டெக்சஸின் கால்வெஸ்டனிலிருந்து ஏழு இரவு குரூஸ் போகிறோம். ஹோண்டுராஸின் ரோவாட்டன், மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கோசுமெல் தீவு என்று மூன்று துறைமுகங்கள். நான், கணவர், பத்து வயது மகள், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மகள் இரண்டு வருஷமாக டால்பின் டால்பின் என்று ஒரே பாட்டு. கோசுமெலில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கப்பல் நிற்கிறது. கரைச் சுற்றுலாப் பட்டியலில் டால்பினோடு நீந்தும் நிகழ்ச்சி மூன்று விலைகளில் இருக்கிறது. மலிவானதே ஒருவருக்கு நூறு டாலரைத் தாண்டுகிறது.

கப்பல் மூலமே பதிவு செய்வதா, நேரடியாகவா? நீச்சல் தெரியாத மாமனார் இறங்கலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்பித்தன் | 4 பிப்ரவரி 2025, இரவு 10.40

வாங்க தேன்மிட்டாய். கோசுமெலில் எட்டு முறை இறங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் நேரம். கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் வருஷம் முழுக்க ஒரே நேரத்தில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் நம் டெக்சஸைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். மார்ச் 9 அன்று நாம் கடிகாரத்தைத் தள்ளியதும் இரண்டும் ஒன்றாகிவிடும், நீங்கள் தப்பித்தீர்கள். இருந்தாலும் கப்பலில் அறிவிக்கும் நேரம்தான் வேதவாக்கு. ஒரு ஜனவரியில் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து நான் ஓடிய ஓட்டத்தை இரண்டு மாடிப் பயணிகள் கைதட்டி ரசித்தார்கள்.

கப்பல் மூலம் பதிவு செய்தால் விலை கூடுதல்தான். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காற்று காரணமாகத் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போனால் பணம் தானாகத் திரும்பும். நேரடியாகப் பதிவு செய்தால் இரண்டுக்கும் நீங்களே பொறுப்பு. வயதானவர்களோடு போகிறீர்கள், கப்பல் வழியே நல்லது.

அப்புறம், அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இன்றே பாருங்கள். கரையில் எதை விட்டாலும் பரவாயில்லை, திரும்பி வரும்போது இதில் மாட்டக்கூடாது.

மழைக்குருவி | 5 பிப்ரவரி 2025, காலை 7.05

நாங்கள் 2018இல் போனோம். கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யுங்கள். என் பையனுக்கு அப்போது ஒன்பது வயது, இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவான்.

எப்படி நடக்கும் என்றால், முதலில் ஒரு கொட்டகையில் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பாடம். எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது, கண்ணுக்கும் தலைமேல் இருக்கும் மூச்சுத் துளைக்கும் கையைக் கொண்டுபோகாதே, இப்படி. உடம்பில் வெயில் களிம்பு இருந்தால் கழுவச் சொல்வார்கள். கம்மல், மோதிரம், வளையல், சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். தண்ணீரில் விழுந்தால் டால்பின் விழுங்கிவிடுமாம், அதன் தோலும் கீறிவிடுமாம். தேன்மிட்டாய், உங்கள் மாமியார் தாலிச்சங்கிலியைக் கழற்றுவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். என் அம்மா கழற்றமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் உண்டு, நீச்சல் தெரியாதவரும் மிதக்கலாம். பத்துப் பேர் வரிசையாக நிற்போம். டால்பின் வந்து கன்னத்தில் முத்தம் கொடுக்கும், கை குலுக்கும். விலை கூடிய சீட்டு என்றால் இரண்டு டால்பின்கள் பின்னால் வந்து பாதத்தை மூக்கால் தள்ளும், நாம் தண்ணீருக்கு மேலே எழுந்து பறப்போம்! அதை எழுத்தில் சொல்ல முடியாது.

ஒரே குறை, சொந்தக் கேமரா கூடாது. அவர்களே எடுத்து விற்பார்கள். படங்களுக்குக் கொடுத்த காசில் இன்னொருவர் நீந்தியிருக்கலாம்.

கப்பல்பித்தன் | 5 பிப்ரவரி 2025, காலை 8.20

தண்ணீரில் நாற்பது நிமிஷம், பத்துப் பேர் என்றால் ஆளுக்கு நான்கு நிமிஷம் டால்பின். மீதி முப்பத்தாறு நிமிஷம் அடுத்தவர் முத்தம் வாங்குவதைப் பார்ப்பது. கணக்கு வாத்தியார் மகன், மன்னிக்கவும்.

ஆழிமகன் | 5 பிப்ரவரி 2025, இரவு 11.31

தூத்துக்குடிக்காரன். எங்கள் பக்கம் டால்பினை ஓங்கல் என்போம். சின்ன வயதில் அப்பாவோடு வள்ளத்தில் போகும்போது அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்முனைக்கு, முன்னால் துள்ளிக்கொண்டே வரும். யாரும் கூப்பிடவில்லை, மீன் எறியவில்லை. கொஞ்ச நேரம் வரும், அலுத்தால் போய்விடும். எனக்குத் தெரிந்த ஓங்கல் அதுதான், அதனால் மழைக்குருவி சொன்னதைப் படித்தபோது சந்தோஷம் வரவில்லை.

அது முத்தம் கொடுக்கவில்லை. பயிற்சியாளர் கையைக் காட்டுகிறார், அது செய்கிறது, விசில் ஊதுகிறார், வாயில் மீன் விழுகிறது. அந்த மீனும் உறையவைத்து, பிறகு இளக்கியது. டால்பின் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை. தனக்கு வேண்டிய தண்ணீரை இரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உறைந்த மீனில் ஈரம் குறைவு என்பதால் அடைத்து வளர்க்கும் பல இடங்களில் ஜெலட்டின் கட்டியும் பனிக்கட்டியும் கொடுக்கிறார்கள். கடலில் ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் திரியும் உயிர், இங்கே நாலு வீச்சு நீந்தினால் வேலி.

சிரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாடை அமைப்பே அப்படி. செத்துக் கரையொதுங்கிய ஓங்கலைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சிரித்தபடிதான் கிடந்தது.

மழைக்குருவி | 6 பிப்ரவரி 2025, காலை 6.48

வந்துவிட்டார்கள். ஒரு தாய் தன் குழந்தைக்கு ஒரு நாள் சந்தோஷம் தேடினால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் யாரும் கோயில் யானை தும்பிக்கையில் காசு வைத்து ஆசீர்வாதம் வாங்கியதே இல்லையா? அதுவும் பாகன் அங்குசத்தைக் காட்டினால்தானே தலையில் தும்பிக்கை வைக்கிறது?

அங்கே இருப்பவை பெரும்பாலும் தொட்டியில் பிறந்தவை. கடலே தெரியாது. 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பி மாநிலத்தில் கல்ஃப்போர்ட் காட்சியகத்தின் தொட்டியிலிருந்து எட்டு டால்பின்களைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போனது. எங்கே போயின? எட்டும் ஒன்றாகக் கரைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. பயிற்சியாளர்களைப் படகில் பார்த்ததும் ஓடி வந்தன. சிறையென்றால் வருமா?

ஆழிமகன் | 6 பிப்ரவரி 2025, இரவு 10.15

யானைக் கேள்வி நியாயமானது அக்கா. வாங்கியிருக்கிறேன், திருச்செந்தூரில். இப்போது வாங்குவதில்லை, ஆனால் உங்களைக் கூண்டில் நிறுத்தும் தகுதி எனக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கத்ரீனா டால்பின்கள் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, பாதி. புயல் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துக் கண்டபோது அவை பசியிலும் காயத்திலும் இருந்தன. இரை பிடிக்கப் பழகாதவை. மீன் வாளியோடு ஒரே படகுதான் வந்தது. அதன்பின் அவை பஹாமாஸ் தலைநகர் நாசோவில் ஒரு பெரிய விடுதிக்குப் போயின. குரூஸ் பயணிகள் இறங்கும் ஊர்தான் அது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1998 வாக்கில் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் டால்பின் சிட்டி என்று தொடங்கி, பல்கேரியாவிலிருந்து டால்பின்களை இறக்கினார்கள். சில மாதங்களிலேயே செத்துப்போயின. பிறகு டெல்லி, கொச்சி, மும்பை என்று டால்பின் காட்சியகத் திட்டங்கள் கிளம்பியபோது, 2013 மே மாதம் மத்திய அரசு எதற்கும் அனுமதி இல்லை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஊரில் கிடைக்காததைத்தான் நாம் மெக்சிகோவில் போய் வாங்குகிறோம்.

மட்டறுத்துநர் | 6 பிப்ரவரி 2025, இரவு 10.52

இருவரும் இதுவரை மரியாதையாகவே பேசியிருக்கிறீர்கள். அப்படியே தொடரட்டும். யானைக்குத் தனி விவாத இழை ஏற்கெனவே இருக்கிறது, 41 பக்கம் ஓடி மூடப்பட்டது. இங்கே வேண்டாம்.

பாறைமீன் | 7 பிப்ரவரி 2025, அதிகாலை 2.10

தொட்டி வேண்டாம் என்றதும் "அப்படியானால் கடலிலேயே நீந்தலாம்" என்று எல்லோரும் தாவுவார்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை.

ஹவாயில் கோனா பக்கம் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே சுழன்று துள்ளும் ஸ்பின்னர் வகை டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடும். விடிந்ததும் கூட்டமாக ஆழமில்லாத வளைகுடாவுக்கு வந்து ஓய்வெடுக்கும். டால்பினின் தூக்கம் நம்மைப் போல இல்லை. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்பதால் மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும், உடம்பு மெதுவாக நீந்திக்கொண்டே இருக்கும். படகில் இருக்கும் நமக்கு அது விளையாடுவதுபோலத் தெரியும்! அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுலாப் படகுகள் ஆட்களை இறக்கும். நானும் இறங்கியிருக்கிறேன். ஒரே கூட்டத்தைச் சுற்றி ஐந்தாறு படகுகள், கண்ணாடி மாட்டிய ஐம்பது தலைகள். இரவுப்பணி முடித்து வந்து படுத்தவன் படுக்கையறையில் ஐம்பது பேர் நுழைந்தால் எப்படி இருக்கும், அப்படி.

2021இல் அமெரிக்க அரசு தடை போட்டது. முக்கியத் தீவுகளின் கரையிலிருந்து இரண்டு கடல்மைலுக்குள் ஸ்பின்னர் டால்பின்களை ஐம்பது கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது. படகுக்கும் அதே விதி, நீந்துபவருக்கும் அதே விதி. கோனாவில் குரூஸ் கப்பல்கள் நங்கூரமிடுகின்றன, அதனால் சொல்கிறேன். யாராவது "எங்களிடம் மட்டும் நீந்தலாம்" என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

கிவித்தமிழ் | 7 பிப்ரவரி 2025, காலை 5.37

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். பாறைமீன் அண்ணை சொன்னது இங்கேயும் நடந்தது. நியூசிலாந்தின் வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் என்ற வளைகுடா, அங்கேயும் குரூஸ் கப்பல்கள் வரும். 1999க்குப் பிறகு அங்கே வந்துபோகும் பாட்டில்நோஸ் டால்பின்கள் 66 விழுக்காடு குறைந்துபோயின. அடிக்கடி வருபவை 19தான் மிஞ்சின. பிறக்கிற குட்டிகளில் நான்கில் மூன்று தப்புவதில்லை. டால்பின்கள் தின்பதையும் தூங்குவதையும் விட்டுப் படகுகளோடு நேரம் கழிக்கின்றன என்று நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்து, 2019இல் அங்கே அவற்றோடு நீந்துவதை நிறுத்திவிட்டது.

ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. எங்களுக்குப் பக்கத்தில் அகரோவா என்ற கடலோர ஊர். 2011 நிலநடுக்கத்தில் கிறைஸ்ட்சர்ச்சின் லிட்டில்டன் துறைமுகம் சேதமானதும் பெரிய குரூஸ் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் நங்கூரம் போட்டன. அங்கே இருப்பது ஹெக்டர் டால்பின், நியூசிலாந்துக்கு வெளியே எங்கும் கிடையாது. ஒன்றரை மீட்டர்கூட வராது, முதுகுச் செட்டை காது மடல் மாதிரி வட்டமாக இருக்கும். போன வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிரென்றால் அப்படியொரு குளிர், தடித்த நீச்சல் உடை போட்டும் பல் கிட்டியது. இரண்டு கூழாங்கல்லைத் தந்து தண்ணீருக்குள் தட்டச் சொன்னார்கள். சத்தம் என்னவென்று பார்க்க வந்தால் வரும். குட்டி தெரிந்தால் இறங்கவே முடியாது, நாட்டுச் சட்டம். எங்களுக்கு முக்கால் மணி நேரத்தில் மூன்றே மூன்று வந்தன. ஒன்று மகனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பியும் பார்க்காமல் போய்விட்டது. அவனுக்குக் கோபம்!

தேன்மிட்டாய் | 8 பிப்ரவரி 2025, இரவு 9.55

நான் விலை கேட்டு வந்தேன், நீங்கள் எல்லோரும் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

மகளிடம் ஆழிமகன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஜெலட்டின் என்றதும் "ஜெல்லோவா? அதுக்குப் பிடிக்குமா?" என்றாள். அதோடு முடிந்தது அவளுடைய அறச்சீற்றம். கணவர், "இரண்டு வருஷமாகச் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்றால் எப்படி" என்கிறார். மாமியார் தாலியைக் கழற்றமாட்டார், அது உறுதி. கோசுமெலில் வேறு என்னதான் இருக்கிறது?

கப்பல்பித்தன் | 8 பிப்ரவரி 2025, இரவு 10.30

நிறைய இருக்கிறது. பவளப்பாறைக்கே பேர்போன தீவு. பலன்கார் பக்கம் படகில் போய் முகமூடி மாட்டி மிதக்கலாம். எல் சியேலோ என்ற மணல்திட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நட்சத்திர மீன்கள் கிடக்கும், பார்க்கலாம், தூக்கக்கூடாது. பெரியவர்களுக்குத் தீவின் நடுவே சான் கெர்வாசியோ, பழைய மாயா கோயில் இடிபாடுகள்.

ஒன்றே ஒன்று. மார்ச்சிலும் சில நாள் வடக்கிலிருந்து காற்று திரும்பும், அங்கே நோர்ட்டே என்பார்கள். அன்று துறைமுக அதிகாரி சின்னப் படகுகளை நிறுத்திவிடுவார். மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

தேன்மிட்டாய் | 19 மார்ச் 2025, இரவு 8.40

போய் வந்துவிட்டோம். கப்பல்பித்தன் வாயில் சர்க்கரை போட வேண்டுமா மிளகாய் போட வேண்டுமா தெரியவில்லை, சொன்னபடியே நோர்ட்டே அடித்தது. கப்பல் கரையில் கட்டியாயிற்று, ஆனால் பவளப்பாறைப் படகு ரத்து. பணம் மறுநாளே கப்பல் கணக்கில் திரும்பிவிட்டது. டால்பின் பதிவு செய்யவில்லை. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

டாக்சி பிடித்துச் சான் கெர்வாசியோ போனோம். இக்ஷெல் என்ற தாய்த்தெய்வத்தின் தலம், பிள்ளைப்பேறுக்கு அதிபதி. அந்தக் காலத்தில் மாயாப் பெண்கள் எதிர்க்கரையிலிருந்து ஓடத்தில் கடலைத் தாண்டி வந்து வேண்டிக்கொள்வார்களாம். வழிகாட்டி சொன்னதை நான் தமிழில் சொன்னதும் மாமியார், "அட, திருக்கருகாவூர்!" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். சுண்ணாம்புக்கல் தரை அடுப்பாகக் கொதிக்கிறது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, இடிந்த படிக்கட்டு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் செருப்பு. மகள் உடும்பு எண்ணினாள், முப்பத்தொன்று. அவை இகுவானா என்று இரண்டு முறை திருத்தினாள். மாமனார் உடும்புதான் என்று முடித்துவிட்டார்.

டால்பினை அதற்கு முந்தின நாளே பார்த்தாயிற்று. கோஸ்டா மாயாவில் துறைமுக வளாகத்துக்குள்ளேயே தொட்டி இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் மகள் அரைமணி நேரம் நின்றாள். ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் இறங்கியது. அதே டால்பின், அதே முத்தம், அதே கைகுலுக்கல். "அம்மா, அதுக்கு ரீசஸ் எப்போ?" என்று பள்ளி இடைவேளையை நினைத்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி வந்து, "ஆனா எனக்கு இன்னும் ஆசையாத்தான் இருக்கு" என்றும் சொன்னாள். அதையும் எழுதிவிட வேண்டும் இல்லையா.

மழைக்குருவி | 20 மார்ச் 2025, காலை 7.15

ஆசை இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. நல்லபடியாக வந்தீர்கள், அதுவே போதும். மாமியார் கால் எப்படி இருக்கிறது?

தேன்மிட்டாய் | 20 மார்ச் 2025, காலை 9.02

கொப்புளம். ஆனால் கும்பகோணத்துக்குப் போன் போட்டு எல்லோரிடமும் அந்தக் கோயிலைப் பற்றித்தான் பேச்சு.

ஆழிமகன் | 24 ஜூலை 2025, இரவு 11.48

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும், செய்தி அப்படி. கடல் பாலூட்டிகளைக் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்துவதை மெக்சிகோ தடைசெய்துவிட்டது. ஜூனில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, இந்த மாதம் அரசிதழில் வந்தாயிற்று. மிஞ்சோ சட்டம் என்கிறார்கள். மிஞ்சோ ஒரு டால்பின். கோசுமெலுக்கு எதிர்க்கரையில் ஒரு விடுதிக் காட்சியில் துள்ளும்போது தண்ணீரைத் தவறவிட்டுக் காங்கிரீட் விளிம்பில் மோதியது. அந்தக் காணொளியை ஊரே பார்த்தது. இனி தொட்டியில் இனப்பெருக்கமும் கூடாது. நாட்டில் அடைபட்டிருக்கும் சுமார் 350 டால்பின்களை 18 மாதத்துக்குள் தொட்டியிலிருந்து கடலில் வேலியிட்ட இடங்களுக்கு மாற்ற வேண்டும். இனி அந்தப் பக்கம் குரூஸ் போகிறவர்கள் பழைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்குருவி | 25 ஜூலை 2025, காலை 6.30

படித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த 2018 படம் இன்னும் தொங்குகிறது, கழற்றப்போவதில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் தம்பி, நக்கலாகக் கேட்கவில்லை. 2005 அக்டோபரில் வில்மா புயல் கோசுமெலைப் புரட்டிப்போட்டது. கடலில் வேலி போட்டு வைத்தால், அதுபோல இன்னொன்று வந்தால் அந்த 350உம் எங்கே போகும்? கத்ரீனாவில் எட்டுதான்.

ஆழிமகன் | 25 ஜூலை 2025, இரவு 10.20

நல்ல கேள்வி அக்கா. என்னிடம் பதில் இல்லை. புயல் தெரிந்ததும் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவோம், ஓங்கலை எங்கே ஏற்றுவது?